வழுக்கைத் தலைச் சம்மனசுக்கு

என் அன்புத் தாத்தா,

நான் முதலில் கவனித்தது உங்கள் வாயைத்தான். உங்கள் மகள் பங்குச் சாமியாருக்கு அனுப்பிய பழைய படத்துண்டில் நீங்கள் போலீஸ் தொப்பியோடு யாரையோ மிரட்டுகிறீர்கள். தொப்பிக்கு வெளியே எவ்வளவு முடி! உங்கள் வாய் மூடிய பிறகும் குரல் கொஞ்சம் ஓடி அப்புறம்தான் நிற்கிறது.

அதோடு வந்த சேதியைச் சாமியார் படித்துச் சொன்னார். இத்தாலியில், உங்கள் சொந்த ஊரில், தூக்கத்திலேயே போய்விட்டீர்களாம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அந்தப் படத்துண்டையே திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். உங்கள் கரகரத்த குரல் ஓரிடத்திலாவது கேட்காதா என்றுதான்.

கேட்காது என்று எனக்குத் தெரியும். இந்த மலை மேலே, வாழவந்தியில் எங்கள் வீட்டு அடுப்பருகே, அது ஏன் என்ற கதையை நீங்கள் நடித்தே காட்டியிருக்கிறீர்களே. பாதி ஆங்கிலம், கொஞ்சம் தமிழ், மீதிக்குக் கையும் கண்ணும். நாடகக் கம்பெனியில் திரை இழுக்கப் போனவர், ஒரு நடிகருக்குக் காய்ச்சல் வந்த அன்று மேடையேறினீர்கள். பிறகு சினிமா கூப்பிட்டது. முகம் பிடித்தது, குரல் பிடிக்கவில்லை. உங்கள் ஊரில் அப்போதெல்லாம் படத்துக்குப் பேச்சைத் தனியாகச் சேர்ப்பார்களாம். உங்கள் வாய்க்கு வேறொருவரைப் பேசவைத்தார்கள். ஒருநாள் காபிக் கடையில் உங்களுக்குப் பின்னால் யாரோ காபி கேட்க, திரும்பிப் பார்த்தால் அது உங்கள் குரல்! அவரைக் கட்டிப்பிடித்தீர்கள். நன்றி சொல்லத்தான் வாய் வரவில்லை என்றீர்கள். அதற்கப்புறம் ஊர் ஊராகப் போகும் நாடகத்துக்கே திரும்பிவிட்டீர்கள். அங்கே குரல் உங்களுடையது.

அன்றைக்கு அம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "ஏனுங்க தொர, இத்தன படத்துல நடிச்சீங்களே, ஒண்ணுலயாச்சும் கடசி வரைக்கும் உசுரோட இருந்தீங்களா?"

நீங்கள் ஒரு விரலைக் காட்டினீர்கள். "ஒண்ணு. அதுல நான் டாக்டர்."

இங்கே கான்வென்ட்டில் கன்னியாஸ்திரியாக வாழ்ந்து, இங்கேயே அடக்கமான உங்கள் தங்கச்சி சிஸ்டரின் கல்லறைக்காகத்தான் முதலில் வந்தீர்கள். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸ் முடிந்ததும் வந்து, ஈஸ்டர் வரை இருந்தீர்கள். அம்மா உங்களுக்குச் சமைத்தாள். நான் பாத்திரம் கழுவினேன். ஒன்பதாம் வகுப்பில் என்னை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். வாய் வரவில்லை, எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஏன் என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஆனால் திரைக்குப் பின்னால் எனக்குப் பேச வரும். இயேசுவின் பாடுகளைக் காட்டும் நம் கோயில் பாஸ்கா நாடகத்தில் மேடையில் நிற்பவர்கள் வாயை அசைப்பார்கள், பின்னால் மைக்கில் நாங்கள் பேசுவோம். அதை முதன்முதலில் பார்த்த அன்று தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள், உங்கள் சினிமாவே இங்கே வந்துவிட்டது என்று. இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் ரோமானிய ஆளுநர் பிலாத்துவின் வேஷமும் கேட்டீர்கள். ரோம் நகரத்துப் பழைய நடிகர் கேட்டால் நியாயம்தானே? வருஷா வருஷம் பிலாத்தாக நிற்கும், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் விடவில்லை.

"பிலாத்து எனக்குங்க. தொர வெள்ளையாத்தான இருக்காரு, சம்மனசு வேஷத்தக் குடுத்துருங்க."

"வழுக்கைத் தலையில சம்மனசாங்க?" என்றாள் அம்மா. "பாத்தா கர்த்தரே சிரிச்சுப்போடுவாரு."

இயேசுவின் கல்லறைக்கு வரும் பெண்களிடம், அவர் உயிர்த்தெழுந்துவிட்டார் என்று சொல்கிற அந்த வானதூதருக்கு அதுவரை சின்னக் குழந்தைதான் நிற்கும், நான்தான் குரல். அந்த வருஷத்திலிருந்து நீங்கள் நின்றீர்கள். முதல் தடவை நீங்கள் வாயைத் திறக்க, என் குரல் வந்ததும் ஊரே சிரித்தது. பிறகு மெல்ல அடங்கியது. கடைசியில் ஒருவரும் இருமக்கூட இல்லை. இறங்கி வந்து என் தலையில் கைவைத்து, "இந்தக் கொரலு நொம்ப நல்லாருக்கு" என்றீர்கள். எங்கள் வீட்டில் பிடித்துக்கொண்ட 'நொம்ப' அது.

நீங்கள் வந்து தங்கும் வீடு இந்த வருஷம் பூட்டியே கிடக்கிறது. போன வாரம் மழை பெய்து காப்பி பூத்துவிட்டது. வாசனை சன்னல் வழியாக உள்ளே போயிருக்கும். ஆளில்லாத வீட்டில் அதற்கு என்ன வேலை?

இன்று சாயங்காலம் ஒத்திகை. சம்மனசாக ஒரு சின்னப் பிள்ளை நின்றாள். நான் மைக்கைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். திரை ஓட்டையில் உங்கள் முதுகைப் பார்த்துத்தானே எப்போதும் தொடங்குவேன்? உங்கள் தோள் மேலே ஏறும், மூச்சு உள்ளே போகும், நான் பேசுவேன். அந்தப் பிள்ளைக்குச் சிறகுதான் தெரிகிறது, தோளே தெரியவில்லை.

"என்ன கண்ணு, மைக்கு வேல செய்யலயா?" என்றார் ரைட்டர்.

"செய்யுதுங்க."

"அப்பறம் என்ன? பின்னாடி நின்னு வரலீன்னா முன்னாடி ஏறி நின்னு பேசு சாமி. அதுவும் முடியாதுன்னா சொல்லிப்போடு, கல்லறையில வெக்கறதோட முடிச்சுக்கலாம். சம்மனசு வேண்டாம்."

எல்லோரும் திரைப்பக்கம் பார்த்தார்கள். வகுப்பில் பார்த்த அதே மாதிரி. அப்போதுதான் உங்கள் மூச்சு ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக்குள் வரும்போதுகூட நீங்கள் வாசலில் ஒரு நிமிஷம் நின்று மூச்சு இழுத்துத்தான் வருவீர்கள். வயசு என்று அம்மா சொல்வாள். அது பயமா தாத்தா? அத்தனை வருஷம் மேடையில் நின்ற உங்களுக்குமா?

நான் இந்த மலையில் இருக்கும்வரை கல்லறைக்கு வருகிறவர்கள் பதில் கேட்காமல் திரும்பிப் போகமாட்டார்கள். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

சிறகு அந்தப் பிள்ளைக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மைக்கோடு திரையைச் சுற்றி முன்னால் வந்தேன். மேடை ஓரத்தில் ஒரு நிமிஷம் நின்றேன். தோள் மேலே ஏறும்வரை மூச்சை இழுத்தேன்.

உங்கள் வாய்க்குப் பேசிய
பேத்தி