ஒருசந்தியும் எட்டு மணி மாத்திரையும்

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்தால், படிக்காமல் அரிசி டிரம்முக்குப் பின்னாலேயே வைத்துவிடுங்கள். படித்துவிட்டால் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அம்மாவிடம். கெஞ்சிக் கேட்கிறேன்.

பிப். 26, வியாழன்

புழுக்கம். எண்ணூர் பக்கமிருந்து காற்று, தொண்டையில் கரகரப்பு. கணக்கு வீட்டுப்பாடம் பாக்கி. பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு எழுதுகிறேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள உள்கதவு இது ஒன்றுதான்.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கையில் இப்போது டீ கிளாஸ்கூட நிற்பதில்லை. கதவைத் தட்டினால்கூட டக டக டக. "மொத தட்டு நான். மிச்சம்லாம் அது" என்பார்.

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து அப்பா இரவு ஏழு முதல் மறுநாள் காலை பதினொன்று வரை ஒன்றும் சாப்பிடுவதில்லை. ஒருசந்தி, அதாவது தவக்கால நோன்பு என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். காசிமேட்டில் மீன் விற்கும்போது எல்லோரிடமும் பெருமை. "கோயிலு வாசப்படியே ஏறாத மன்சன், தவக்காலத்துக்கு ஒருசந்தி கீறாரு பாரேன்." ஞாயிறு ஒருசந்தி கிடையாது என்று அம்மா சொல்லியும் அப்பா கேட்கவில்லை. அதுவும் பக்தியாம்.

பக்தி இல்லை. வீடியோ. காட்டியது நான். விட்டு விட்டுப் பட்டினி இருந்தால் நரம்புக்கு நல்லது, நடுக்கம் குறையலாம் என்றது. அம்மாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மார்ச் 2, திங்கள்

தண்ணீர் லாரி வரவில்லை. உயிரியல் தேர்வு சுமார்.

வீடியோவின் கடைசி இரண்டு நிமிடத்தை இன்றுதான் பார்த்தேன். எலிகளிடம் பலன் தெரிந்ததாம். மனிதர்களுக்கு இன்னும் உறுதியில்லையாம். டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாதாம். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

அப்பாவிடம் சொன்னேன். "எலிக்கு ஆவும், எனக்கு ஆவாதா? ஹார்பர்ல நான் பாக்காத எலியா?" உடம்பு லேசாக இருக்கிறதாம். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. நடுக்கம் குறையவில்லை. கூடித்தான் இருக்கிறது. எரிச்சல். அவர் மேலா என் மேலா, தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

காலையில் பனி. பள்ளிக்கூடம் போகவில்லை.

எட்டு மணிக்கு அப்பா பாத்ரூம் வாசலில் நின்றார். கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி. நகரவே இல்லை. பிறகு அப்படியே சாய்ந்தார். நெற்றியில் ரத்தம். அம்மா மீன் ஏலத்திலிருந்து இன்னும் வரவில்லை.

துடைக்கத் துணி தேடியபோது மாதா படத்துக்குப் பின்னால் ஒரு பொட்டலம். நடுக்கத்துக்கு அப்பா காலையில் போடவேண்டிய எட்டு மணி மாத்திரைகள். பதினேழு. சாம்பல் புதனிலிருந்து ஒரு நாள் விடாமல்.

ஏன்ப்பா என்றேன்.

"சாப்பாட்டுக்கு அப்பாலன்னு சீட்டுல எய்தி கீது. சாப்பாடே இல்ல. அப்பால இன்னா மாத்திரை?"

மதியமும் இரவும் ஒழுங்காகப் போடுகிறாராம். கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்மண்டபம் மெடிக்கல் அண்ணனிடம் ஓடினேன். பட்டினி நல்லதா கெட்டதா, தனக்குத் தெரியாது என்றார். "மாத்திரைய மட்டும் நிறுத்தக் கூடாதும்மா. டாக்டராண்ட எல்லாத்தயும் சொல்லு. மொதல்ல வூட்ல சொல்லு." வீட்டில் சொல் என்று எல்லோருக்கும் சுலபமாக வருகிறது.

பதினொரு மணிக்கு அம்மா வந்தாள். ஈரத்தில் வழுக்கிவிட்டது என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன். அம்மா மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். பொட்டலம் அதற்குப் பின்னாலேயே.

நாளைக் காலையும் மாத்திரை போடமாட்டார். மறுபடி விழுந்து தலையில் பலமாக அடிபட்டால்?

அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுவாள். அவள் கிளம்புவதற்குள் சொல்ல வேண்டும். எப்படி என்று எழுதிப் பார்க்கிறேன். அம்மா, அப்பா இருக்கிறது ஒருசந்தி இல்லை. வீடியோ காட்டினது நான்தான். காலை மாத்திரையை அவர்

கதவு தட்டுகிறார்கள். அம்மா என்றால் இரண்டு தட்டு. இது ஒன்று விழுந்து, அப்புறம் நிற்காமல் டக டக