மூன்றாம் முறை கத்தி வைக்கும் முன்

அனுப்புநர்:
செபாஸ்தியம்மாள்,
(காலஞ்சென்ற சூசைமாணிக்கம் அவர்களின் மனைவி),
மேட்டுப்பட்டி, திண்டுக்கல்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட மருத்துவ அதிகாரி அவர்கள்,
மதுரை.

பொருள்: என் மருமகள் லூர்தம்மாளின் கழுத்துக் கட்டியைக் காசநோய் என்று முடிவு செய்தது தவறு என்பதும், இம்மாதம் 23ஆம் தேதி குறித்துள்ள அறுவையை நிறுத்தி அவளை மதுரைக்கு அனுப்பக் கோருவதும்.

கனம் பொருந்திய ஐயா,

1. நான் கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் படித்தவள். கண்டதைக் கண்டது என்றும் கேட்டதைக் கேட்டது என்றும் எழுத அங்கே பழக்கினார்கள். இம்மனுவும் அப்படியே எழுதப்படுகிறது. என் ஒரே மகன் ராணுவத்தில் அஸ்ஸாம் பக்கம் இருப்பதால் அவன் மனைவிக்காக நான் எழுதுகிறேன்.

2. பிரசவத்துக்குப் பின் லூர்தம்மாளின் கழுத்தின் நடுவில், குரல்வளைக்குச் சற்று மேலே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. வலி இல்லை. இவ்வூர் மருத்துவமனையில் அறுவைப் பிரிவு மருத்துவரிடம் காட்டினோம். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு நாக்கை நீட்டச் சொன்னார். நான் அருகில் நின்றேன். மாமியார் எதிரில் நாக்கை நீட்டுவது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பெரிய மரியாதைக் கேடு. அவள் முந்தானையால் மறைத்துக்கொண்டு வாயை லேசாகத் திறந்தாள், அவ்வளவுதான். மருத்துவர் மறுமுறை கேட்கவில்லை. கண்டமாலை, அதாவது காசநோய்க் கட்டி, என்று முடிவு சொன்னார்.

3. சளியிலும் நெஞ்சுப் படத்திலும் ஒன்றும் இல்லை. ஆயினும் மாதக்கணக்கில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். சீழ் என்று சொல்லி இருமுறை கட்டியைக் கீறினார்கள். இருமுறையும் புண் ஆறி, மீண்டும் வீங்கியது. இப்போது அவ்விடத்தில் ஒரு சிறு துளை விழுந்து, பிசின் போன்ற நீர் ஓயாமல் கசிகிறது.

4. குழந்தை தாயின் அருகில் இருக்கலாகாது என்றும் அம்மருத்துவர் உத்தரவிட்டார். பால்குடி மறவாத ஆண் குழந்தை ஆயக்குடியில் அவள் பிறந்த வீட்டுக்குப் போயிற்று. அவள் தந்தை கொய்யாக் கூடையுடன் இவ்வூருக்கு வரும்போதெல்லாம் வாசலில் நின்று சேதி சொல்லிப் போவார். போன வாரம், "புள்ள சுவத்தப் புடிச்சு நிக்குதுங்க, சம்பந்திம்மா" என்றார். லூர்தம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை.

5. சென்ற மாதா பிறந்தநாள் பூசையில், நாக்கில் நற்கருணை அப்பம் வாங்க நாங்கள் இருவரும் பீடத்தின் முன்னுள்ள கிராதியருகே முழங்காலிட்டோம். நோய்ப் பேச்சு ஊரில் பரவியிருந்தபடியால் அவளுக்கு மறுபக்கம் யாரும் முழங்காலிடவில்லை. சாமியார் வந்ததும் அவள் கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி, நாக்கை நீட்டினாள். கழுத்துக் கட்டி ஒரு விரற்கிடை மேலே ஏறிற்று. துளையும் உள்வாங்கி அதனுடன் இழுபட்டது. நாக்கை உள்ளே இழுத்ததும் கட்டி கீழே இறங்கிவிட்டது. ஆண்டவர் என்னை மன்னிக்க வேண்டும்; அந்நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது பீடத்தை அல்ல.

6. இதை மருத்துவரிடம் சொன்னேன். "பாட்டி, கோயிலுக்குப் போனா சாமியப் பாருங்க, கழுத்த நாங்க பாத்துக்கிறோம்" என்றார். நான் அவருக்குப் பாட்டி அல்ல. அவர் சிரித்ததைப் பற்றியும் எனக்குப் புகார் இல்லை. அவர் பார்க்கவில்லை என்பதே என் புகார்.

7. பிறகு மதுரையில் ஒரு மிஷன் பிரசவ ஆஸ்பத்திரியின் பெண் மருத்துவரிடம் அவளை அழைத்துச் சென்றேன். அவர் முதல் காரியமாக என்னை வெளியே போகச் சொன்னார். அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டேன். கதவைத் திறந்தபின் அவர் விளக்கியது இது: கருவில் தைராய்டு என்னும் கழுத்துச் சுரப்பி நாக்கின் அடியில் தோன்றி, கழுத்துக்கு இறங்கி வருகிறது. அது வந்த வழி அடைபடாமல் நூல்போல் நின்றுவிட்டால் அதில் நீர் கோத்துக் கட்டியாகும். நாக்கின் அடியோடு தொடர்பு உள்ளதால் நாக்கை நீட்டினால் கட்டி ஏறும். இது காசநோய் அன்று, யாருக்கும் தொற்றாது. கட்டியை மட்டும் கீறினால் திரும்பத் திரும்ப வரும். குரல்வளைக்கு மேலுள்ள சிறு எலும்பின் நடுப்பகுதியையும், நாக்கின் அடிவரை செல்லும் அந்த நூலையும் சேர்த்து எடுக்க வேண்டும். கட்டியே அந்தச் சுரப்பியாக இருந்துவிடக் கூடாதென்று, சுரப்பி தன் இடத்தில் இருப்பதையும் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

முதலிலேயே ஏன் நாக்கை நீட்டவில்லை என்று திரும்பும் வழியில் கேட்டேன். "நீங்க நிக்கையில எப்படி அத்தை நீட்டுறது?" என்றாள்.

8. இந்த அறுவையை மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் செய்யலாம் என்று அப்பெண் மருத்துவர் கூறினார். அதற்கு இவ்வூர் மருத்துவர் அனுப்பிவைக்க வேண்டுமாம். அவர் மறுக்கிறார். 23ஆம் தேதி தாமே மூன்றாம் முறை, இன்னும் அகலமாகக் கீறப் போவதாகச் சொல்லியிருக்கிறார். எலும்பைத் தொடுவீர்களா என்று கேட்டேன். எலும்பில் நோய் இல்லை என்றார்.

9. ஆகவே ஐயா, அந்த அறுவையை நிறுத்தி, அவளை மதுரைக்கு அனுப்ப உத்தரவிட வேண்டுகிறேன். அவளுக்குக் காசநோய் இல்லை என்று தங்கள் கையெழுத்தில் ஒரு வரி கிடைத்தால் மறுநாளே ஆயக்குடிக்குப் போய்க் குழந்தையை அழைத்து வருவேன். யார் மீதும் நடவடிக்கை எடுக்கும்படி நான் கேட்கவில்லை.

என் சொல்லைத் தாங்கள் நம்ப வேண்டியதில்லை. தங்கள் மருத்துவர் ஒருவர் அவளை ஒரே ஒருமுறை நாக்கை நீட்டச் சொல்லிக் கழுத்தைப் பார்க்கட்டும். அப்போது நான் வெளியே நிற்பேன். கதவையும் நானே சாத்திவிடுகிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) செபாஸ்தியம்மாள்

இடம்: திண்டுக்கல்
நாள்: 12-10-1964