ஒடிக்காமல் வந்த கரும்பு

நான் எவ்வளவு கத்தினாலும் சிரித்துக்கொண்டே நிற்கும் என் அண்ணனுக்கு,

இன்றைக்கு மாட்டுப் பொங்கல். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கம்பெனிக்கு லீவு விட்டதில் ஊரே பையும் கையுமாக இங்கேதான் நிற்கிறது.

சாமல்பட்டியில் நம் வீட்டில் இந்த வருஷம் பண்டிகை இல்லை. ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தவன் நீ எழுந்திருக்கவே இல்லை. வருஷம் திரும்பும்வரை அடுப்பில் பொங்கப்பானை ஏறக்கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டார். உன் மாடுகளின் கொம்புக்குச் சாயம்கூடக் கிடையாது. அதுகளுக்கு என்ன தெரியும், பாவம்?

எனக்கும் பொங்கல் சீர் வராது என்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன். தேற்றியதெல்லாம் வாய்ப்பேச்சுதான். ஜூஜுவாடியில் எங்கள் வீட்டுப் பக்கம் பஸ் நிற்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போனது. புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், அவரைக்காய், மஞ்சள் கொத்து எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு, கரும்பை மட்டும் நடுவில் ஒடித்து எடுத்துவருவாய். "முழுக் கரும்பு கொண்டாந்தா கொறஞ்சா போயிருவ?" என்று நான் கத்துவேன். "கண்டக்டர் ஏத்த மாட்டேங்கறான் பாப்பா" என்பாய். இனிமேல் இந்தச் சண்டையை யாரோடு போடுவது?

போகியன்று காலையில் பக்கத்து வீட்டு ஜெயம்மா கதவைத் தட்டினார். கன்னடக்காரர். சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கலந்து வீடு வீடாகக் கொடுப்பாரே, ஒருநாள் முன்னாடியே வந்துவிட்டார் போல என்று நினைத்தேன். பார்த்தால், காலடியில் சாக்கு மூட்டை. சுவரில் சாய்த்த ஒரு கரும்பு. தோகையோடு, ஒடிக்காமல், முழுசாக.

"உங்க அத்திகே குடுத்துட்டுப் போனாங்கம்மா" என்றார். அத்திகே என்றால் அவர்கள் பாஷையில் அண்ணி. "நான் சுமங்கலியாம், என் கையால குடுக்கணுமாம். உள்ள போங்கன்னு எவ்ளோ சொன்னேன், கேக்கவே இல்ல."

செருப்புகூடப் போடாமல் ஓடினேன் அண்ணா. அண்ணி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றிருந்தார். வெறும் நெற்றி. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தது.

"இவ்ளோ தூரம் வந்து வூட்டுக்குள்ள வராம போறீங்களே, நான் செத்தா போயிட்டேன்?"

"நல்ல நாள்ல என்ன பேச்சு செல்வி? நான் உள்ள வந்தா உங்க மாமியா ஒண்ணு சொல்லும். நீ சும்மா இருப்பியா? எதுக்கு வம்பு. அவரு போனதோட சீரும் போயிரக்கூடாதுன்னு கொண்டாந்தேன், அவ்ளோதான்."

"கரும்ப எப்பிடிக் கொண்டாந்தீங்க?"

"தக்காளி வண்டியில கெஞ்சி ஏறிக்கிட்டேன். ஒடிச்சா நீ திட்டுவியாமே, அவரு சொல்லிச் சிரிப்பாரு."

உங்களுக்கு உங்க வீட்டுச் சீர் வந்ததா என்று மட்டும் கேட்டேன். "புருசன் போனவளுக்கு எதுக்குன்னு அண்ணனுங்க வுட்டுட்டாங்க" என்றார், ஏதோ அடுத்த வீட்டு விஷயம் மாதிரி. பஸ் வந்தது, ஏறிவிட்டார். கையைப் பிடித்து இழுத்து வந்திருக்க வேண்டாமா நான்?

வீட்டில் மாமியார் பானையைத் தொடவிடவில்லை. "பொட்டில்லாதவ கொண்டாந்த பானையில பால் வெச்சா வெளங்குமா?" என்றார். "அவங்க ஆக்கிப் போட்டுத் தின்னு வளந்தவதான் நானும். நான் மட்டும் வெளங்கிட்டனா?" என்று கேட்டுவிட்டேன். உன் மாப்பிள்ளை இந்தப் பக்கமும் பார்க்காமல் அந்தப் பக்கமும் பார்க்காமல் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று நழுவிவிட்டார்.

பொங்கலன்று மொட்டைமாடியில் அந்தப் பானையில்தான் பால் வைத்தேன். மாமியார் ஏறி வரவில்லை. பால் பொங்கியபோது "பொங்கலோ பொங்கல்" என்று தனியாகத்தான் சொன்னேன். பக்கத்து மாடியிலிருந்து ஜெயம்மா கூடச் சேர்ந்து குரல் கொடுத்தார். நல்லா இருக்கட்டும் மகராசி.

மாமியார் இன்னும் என்னோடு பேசவில்லை. அவரும் புருஷனை இழந்தவர்தானே அண்ணா? அந்த வருஷம் அவர் வாசலுக்கும் யாரும் வராமல் போனார்களோ? கேட்க எனக்கே வாய் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

இன்று அண்ணிக்கு நான் சீர் கொண்டுபோகிறேன். பானை, அரிசி, வெல்லம், ஒரு முழுக் கரும்பு, ஒரு பச்சைப் புடவை. "நாத்தனா அண்ணிக்குச் சீர் வெக்கறது எந்த ஊர் வழக்கம்?" என்றார் உன் மாப்பிள்ளை. "எங்க ஊர் வழக்கம், இன்னிலேருந்து" என்றேன். வாயில்தான் வீரம். சித்தப்பா வாசலிலேயே மறித்தால் என்ன செய்வேன்? அண்ணியே வேண்டாம் என்றுவிட்டால்?

ஆனால் ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். அண்ணி இனி என் வாசலோடு திரும்பமாட்டார். அடுத்த பொங்கலுக்கு என் பானையில் முதல் பால் ஊற்றுவது அவர் கைதான். யார் பேசாமல் போனாலும் சரி.

பஸ் வந்துவிட்டது. கரும்பை நடுவில் ஒடித்துவிட்டேன். கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்கிறான் அண்ணா.

உன்னிடம் முழுக் கரும்பு கேட்டுச் சண்டை போட்ட தங்கச்சி,
செல்வி