டைம் கீப்பரின் கையெழுத்து

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா? நானும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் நேற்று ஆஸ்பத்திரிக் கழிவறையில் நாற்பது நிமிடம் தாழ்ப்பாள் போட்டு ஒளிந்திருந்தவன் அப்படி எழுதினால் நீ நம்பமாட்டாய். வெளியே நர்ஸ் ஆபரேஷன் சம்மதப் படிவத்தோடு நின்றிருந்தார். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இதய வால்வு கெட்டுவிட்டது, நாளைக் காலை ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். உன்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருந்தால் அதிகம். அவரிடம் போய் நான் சட்டம் பேசினேன். நான் கையெழுத்துப் போடுவேனா மாட்டேனா என்பது கடவுளுக்கு முன்பே தெரியும், அவருக்குத் தெரிந்தது பொய்க்காது, அப்புறம் முடிவு என் கையில் இல்லையே, என்னிடம் எதற்குப் பேனாவை நீட்டுகிறீர்கள் என்றேன். தலையெழுத்தை அவர் பாத்துக்குவார், கையெழுத்தை நீங்க போடுங்க சார் என்றார் சிரிக்காமல். பக்கத்துக் கட்டில் தையல்காரர் மட்டும் என் கட்சி. எல்லாம் விதிங்க என்பார். அவரைப் பார்க்க இரண்டு சம்சாரமும் ஒரே நேரத்தில் வந்து நின்றது தனிக் கதை. உண்மையில் எனக்கு வேதாந்தமெல்லாம் கிடையாது, பயம், அதற்கு ஒரு நல்ல சட்டை மாட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

உன் அம்மா இரண்டு நாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்தாள். இன்று மத்தியானம் கட்டிலோரம் உட்கார்ந்து, டிப்போவில இருபது வருஷமா டைம் கீப்பரா இருக்கீங்க, எட்டேகால் பஸ் டிரைவர் டீக்கடையில பத்து நிமிஷம் நிப்பார்னு உங்களுக்குத் தெரியும், அதுக்காக நீங்களா போய் அவர் வாயில டீயை ஊத்துறீங்க என்று கேட்டாள். நானும் விடவில்லை. எனக்குத் தெரிந்தது ஒருநாள் தப்பலாம், கடவுளுக்குத் தப்பாதே என்றேன். தப்பாட்டியும் குடிக்கிறது அவர்தானே என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கடவுளுக்கு என்ன தெரியும்னு எனக்குத் தெரியாது, நீங்க இல்லாத வீட்டை நான் ஒருத்தியாப் பூட்டித் திறக்கணும், அது தெரியும் என்றாள். நர்ஸைக் கூப்பிட்டுப் படிவத்தை வாங்கி, யாரும் தள்ளாமல் நானாகவே கையெழுத்துப் போட்டேன். அந்தப் பெருமையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பதறிப்போய் டிக்கெட் போடாதே. போடுவாய் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் போடுவது நீதான். வண்டி ஓட்டும்போது போனை எடுக்காதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி.

பழைய வால்வோடு,
உன் அப்பா

பின்குறிப்பு: நர்ஸ் இப்போதுதான் படிவத்தோடு திரும்பி வந்து நிற்கிறார். நான் போட்டது ‘உறவினர் கையெழுத்து’ என்ற இடத்தில். ‘நோயாளி கையெழுத்து’ இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.