வெளியே பார்த்தவள்

புரட்டாசி, வெள்ளி இரவு.

எங்கள் அப்பளக் கம்பெனிக்கு மேற்பார்வை வேலை கேட்டு வந்த செல்வியை வேண்டாம் என்று அனுப்பி, என் மகன் குமார் இன்று அநியாயம் செய்துவிட்டான்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம வெளியவே பாத்துக்கிட்டு இருக்காப்பா."

"ஏலே, முத்தத்துல வெயில் ஏறி அப்பளம் சுருளுது. அதைத்தாம்லே பாத்தா."

போகும்போது அவள் அப்பளம் காய்ந்த பாயை நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள். அவன் அடுத்த விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

படுத்து நான் கண்ணை மூடினால், ஆற்றில் அப்பளங்கள் வெள்ளை வெள்ளையாக மிதந்து வருகின்றன. இடுப்பளவு நீரில் நின்று அவள் ஒவ்வொன்றாக நிழல் பக்கம் தள்ளுகிறாள்.

காலையில் குமார் அவள் வீட்டுக்கே போய்க் கூப்பிட வேண்டும். முற்றத்தில் நாற்காலி போட்டு, அவள் கையில் மாவைக் கொடுத்து, அதன் பிறகுதான் கேள்வி கேட்க வேண்டும். அதுவரை அவள் இழுத்துப் போட்ட பாயை யாரும் தொடக் கூடாது.