குடையோடு குளிருக்குப் போனோம்

பூந்தமல்லிப் பேருந்து நிலையத்திலிருந்து கரையான்சாவடி நோக்கி நேற்று மாலை நடந்துகொண்டிருந்தேன், நண்பா. மழை சற்றே விட்டிருந்தது. மெட்ரோ தூண் ஒன்றின் அடியில் வடநாட்டுத் தொழிலாளர் நால்வர் கல்லடுப்பு மூட்டி, இரும்புச் சட்டியில் கடுகெண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தனர். அந்த நெடி மூக்கில் ஏறியதும் என் கால்கள் தாமே நின்றுவிட்டன. கார்த்திகை ஈரத்துக்கே நான் கழுத்தில் கம்பளித் துணி சுற்றியிருந்தேன். அவர்களோ பனியனோடு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்கள் ஊர்ப் பக்கத்துக் குளிர் என்னை என்ன செய்தது என்பதை அவர்கள் அறிய மாட்டார்கள். முழுதும் அறிந்தவன் நீ. நீ மறைந்து பதினான்கு மாதங்களாகின்றன.

நம் அம்பத்தூர்ப் பட்டறையிலிருந்து முப்பது பேரை, வடக்கே மலையடிவாரத்தில் எழுந்துகொண்டிருந்த ஓர் ஆலையில் பொறிகளைப் பொருத்துவதற்காக இரண்டு மாதம் அனுப்பினார்களே, அந்த ஐப்பசியைச் சொல்கிறேன். எடுத்துச் செல்ல வேண்டியவற்றின் பட்டியலை எழுதியவன் நான். சங்கத்தின் வாயும் நான், எழுதுகோலும் நான். முதற்பொருளாகக் ‘குடை’ என்று எழுதினேன். ஐப்பசி என்றால் அடைமழை என்பதைத் தவிர வேறெதையும் நம் மண் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. முப்பது பேரும் முப்பது கறுப்புக் குடைகளோடு, பருத்திச் சட்டையோடு, அந்த மலையடிவாரத் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கினோம். வானத்தில் ஒரு முகில் இல்லை. காற்று மட்டும் கத்தியைப் போல் வந்தது.

நீ குடையை விரித்து மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டாய். “இன்னா அண்ணாத்தே, ஐஸ் பொட்டிக்குள்ள வந்து எறங்கிக்கினோமா?” என்றாய்.

நான் அப்போதும் அடங்கவில்லை. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்க்காலம் என்றும், முன்னோர் ஆண்டை ஆறாகப் பகுத்த அறிவு எத்தகையது என்றும் நடைமேடையிலேயே விளக்கத் தொடங்கினேன். பற்கள் அடித்துக்கொள்ள நீ கேட்டாய்: “பேரு வெச்சுட்டா குளிர் போயிடுமா?”

அந்த ஊராருக்கே அது புதுக்குளிர். இரண்டு மாதம் கழித்து வர வேண்டியது முந்திக்கொண்டு வந்துவிட்டதென்றும், பரண்மேல் இருந்த பஞ்சு மெத்தைப் போர்வைகளைப் பதறிப்போய் இறக்கியதாகவும் ஆலையின் சமையற்காரர் உன்னிடம் சொன்னார். உன்னிடம் என்றுதான் எழுத வேண்டும். என்னிடம் அங்கே எவரும் பேசவில்லை. பிறமொழிச் சொல் ஒன்றைக்கூட வாயில் வைப்பதில்லை என்ற உறுதியோடு வாழ்ந்தவன் நான். அந்த உறுதிக்கு அங்கே ஒரு குவளைத் தேநீர்கூடக் கிடைக்கவில்லை. நீயோ, நான் இருபது ஆண்டுகளாக உன் வாயிலிருந்து களைந்தெறியப் பாடுபட்ட சொற்களையே எடுத்து வீசினாய். ‘ஜல்தி’ என்றாய், ‘நாஷ்டா’ என்றாய், கையை உதறி ‘பேஜார்’ என்றாய். சமையற்காரர் முகம் மலர்ந்தது. மூன்றே நாளில் அவர் அடுப்படியில் உனக்கென்று ஓர் இடம் இருந்தது.

“பாத்தியா, என் பாஷை எத்தினி ஊரு சுத்தி வந்துகீது! உன்து செங்கல்பட்டு தாண்டல,” என்று என்னைச் சீண்டினாய். சினந்தேன். ஆயினும் நீ வாங்கி வந்த சூட்டுத் தேநீரை மறுக்கவில்லை.

நமக்குக் கொடுத்த இருப்பிடம் தகரக் கொட்டகை. சுவருக்கும் கூரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி. விடியலில் தொட்டி நீரின் மேல் கண்ணாடித் தகடு போல் உறைந்து கிடக்கும். பக்கத்திலேயே செங்கற் கட்டடம் ஒன்று, கதவும் சன்னலும் அறையைச் சூடாக்கும் கணப்புமாக, பூட்டிக் கிடந்தது. அடுத்த மாதம் வரவிருக்கும் அதிகாரிகளுக்கு அது என்றார் மேலாளர். நம்மவரில் மூத்தவரான கோவில்பதாகைப் பெரியவருக்கு இரண்டு நாளாகக் கால்விரல்களில் உணர்ச்சியே இல்லை. விரல்நுனிகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. அந்தக் கட்டடம் திறக்காவிட்டால் அவர் கால்களோடு ஊர் திரும்ப மாட்டார் என்பது முப்பது பேருக்கும் தெரியும். கேட்டால் வேலை போய்விடும் என்ற அச்சமும் முப்பது பேருக்கும் இருந்தது.

அந்த அச்சத்தை உடைப்பது என் பொறுப்பு. ஞாயிறு காலை எல்லாரையும் கூட்டிப் பேசுவேன் என்றேன். மூன்று நாள் சொற்களைச் செதுக்கினேன். ஒரு மணி நேர உரை. எதுகையும் மோனையும் தீப்பொறியாய்ப் பறக்கும் உரை.

ஞாயிறு விடிந்தது. வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் என்னை இழுத்துப் போய், சமையற்காரர் தந்த கடுகெண்ணெயைச் சுடவைத்து என் தொண்டையிலும் மார்பிலும் உள்ளங்காலிலும் தேய்த்தாய். பயனில்லை. என் வாழ்வில் எனக்கென்று இருந்த ஒரே கருவி உடைந்துவிட்டதென்று எண்ணினேன். அழுதேன், நண்பா. ஐம்பது அகவை கடந்தவன், ஆயிரம் மேடை கண்டவன், விம்மி அழுதேன்.

“தே, அழுவாத. எவனாச்சும் பாத்தா உன் மானம்தான் போவும். நான் போயி ரெண்டு வார்த்தை பேசிட்டு வரேன். நீ குந்து,” என்றாய்.

பேச்செழுதிய தாள்களை உன்னிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தாய். “இத படிச்சு முடிக்கறதுக்குள்ள பெருசுக்கு இன்னொரு வெரலு கறுத்துடும்,” என்று திருப்பித் தந்துவிட்டாய்.

எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாய். கூட்டங்களில் ஒலிவாங்கியைச் சரிபார்க்க ‘அல்லோ அல்லோ’ என்பதற்கு மேல் நீ பேசி எவரும் கேட்டதில்லை. சிரிக்கத் தொடங்கியவர்களை நீ தடுக்கவில்லை. சிரித்து முடியும்வரை நின்றாய். பிறகு கேட்டாய்: “யாருக்கெல்லாம் காலு மரத்துப்போய்கீது? கையத் தூக்கு.”

ஒவ்வொன்றாக முப்பது கைகளும் எழுந்தன.

“மேனேஜரு ரூம்ல ஹீட்டர் கீது. ஞாயித்துக்கெழமைல்ல, நமக்கு வேலை இல்ல. அங்க போயி குந்திக்கினு இருக்கலாம். யாரும் கத்தக் கூடாது. எதுவும் கேக்கக் கூடாது. குளிருது, குந்திக்கினுகீறோம், அவ்ளோதான். பெருச முன்னாடி தூக்கினு வாங்கடா.”

இதுதான் முழு உரை. பீப்பாயிலிருந்து இறங்கி நடந்தாய். முப்பது பேரும் நடந்தோம். மேலாளர் தம் அறைக்கு வந்தபோது நிற்க இடமில்லை. பெரியவர் கால்களைக் கணப்பருகே நீட்டிப் படுத்திருந்தார். முழக்கம் இல்லை, கோரிக்கை மனு இல்லை. நீ எழுந்து அவருக்கு அவருடைய நாற்காலியையே துடைத்துப் போட்டு, “நாஷ்டா ஆச்சா சாப்?” என்று கேட்டாய். பெரியவரின் விரல்களை அவர் உற்றுப் பார்த்தார். கதவைத் தாண்டி நின்ற நம் ஆட்களைப் பார்த்தார். நண்பகலுக்குள் செங்கற் கட்டடத்தின் சாவி உன் கையில் இருந்தது. எவர் வேலையும் போகவில்லை. பெரியவர் பத்து விரல்களோடு ஊர் திரும்பினார்.

இனி எழுதுவது எனக்குக் கடினம்.

ஊர் வந்த பிறகு அந்த நிகழ்வை ஆவடியில் சொன்னேன், அம்பத்தூரில் சொன்னேன், பூந்தமல்லிச் சாலையோரக் கூட்டங்கள் எத்தனையோ அவற்றிலெல்லாம் சொன்னேன். முதன்முறை ‘நாம் நடந்தோம்’ என்றேன். கைதட்டல் எழுந்தது. அடுத்த முறை ‘அழைத்துச் சென்றேன்’ என்றேன். பிறகு பீப்பாயின் மேல் நானே ஏறிவிட்டேன். மேடைக்குக் கீழே, ஒலிபெருக்கியின் திருகைப் பிடித்தபடி, நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். ஒருமுறையேனும் ஒலியைக் குறைத்தாயில்லை. ஒரே ஒருநாள், கம்பிகளைச் சுருட்டிக்கொண்டே சொன்னாய்: “அண்ணாத்தே, அங்க ஹீட்டர் ரெண்டு இல்ல, ஒன்னுதான். கூட்டிச் சொல்லாத.”

கணப்பின் எண்ணிக்கையைத் திருத்தினாய். பேசியவனின் பெயரைத் திருத்தவில்லை.

உன் இறுதி ஊர்வலத்தன்றும் நான்தான் பேசினேன். அரைமணி நேரம். உன் நேர்மையைப் போற்றினேன், உழைப்பைப் போற்றினேன், உன் பீப்பாயை மட்டும் தரவில்லை.

நேற்று அந்த அடுப்பின் முன் நின்றவன் நேரே அம்பத்தூர் ஆலை ஒன்றின் வாயிற்கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒப்பந்தத் தொழிலாளருக்கு ஓய்வறை கேட்டு நடக்கும் கூட்டம். வழக்கம்போல் அந்த வடக்குக் கதையை எடுத்தேன். பீப்பாய்வரை வந்தேன். அங்கே நின்றுவிட்டேன். பிறகு சொன்னேன்: “அன்று என் தொண்டையில் குரல் இல்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். பேசியது நானல்லேன். முப்பது பேரை நடத்திச் சென்றதும் நானல்லேன். இத்தனை ஆண்டுகளாக உங்களிடம் பொய் சொன்னேன்.” உன் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரை, உன் தந்தை பெயரோடு.

 கோவில்பதாகைப் பெரியவர் பின்வரிசையிலிருந்து கத்தினார்: “அது எங்களுக்குத் தெரியாதாப்பா! நாங்களும் அங்கதான இருந்தோம்! மேல சொல்லு!”

சிரிப்பலை எழுந்தது. நானும் சிரித்தேன், கண்கள் கலங்க. கூட்டம் கலைந்தபின் அவரிடம் போய், ஏன் இத்தனை நாளும் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன்.

“நாங்க கேட்டோம்ப்பா அவன்கிட்ட. ‘இன்னாடா, உன் கதைய அவன் சொல்லிக்கினுகீறான்’னு. அதுக்கு அவன் சொன்னான், ‘வுடு பெருசு. நான் சொன்னா பத்து பேருக்குக் கேக்கும். அவன் சொன்னா ஆயிரம் பேருக்குக் கேக்கும். அத கேட்டுட்டு எங்கனா ஒரு பூட்டு தெறந்தா சரி’ன்னு.”

நண்பா, என் குரலை நான் புகழுக்காகச் சுமந்தேன். நீ அதை ஒரு சாவியாக எண்ணி என்னிடம் விட்டுவைத்திருக்கிறாய். ஓய்வறைக்கான பேச்சுவார்த்தை திங்களன்று அந்த ஆலையின் அலுவலகத்தில் நடக்கிறது. நான் போகிறேன். குறிப்புத்தாள் எதையும் எடுத்துப்போகவில்லை. காலெல்லாம் வீங்க நாள் முழுதும் நின்று வேலை செய்யும் பெண்கள் நாற்பது பேரை உடன் அழைத்திருக்கிறேன். அந்த அலுவலகத்தில் நல்ல நாற்காலிகள் இருக்கின்றனவாம்.