பற்றாத மணி

5 மார்ச் 2005, சனி

இன்று பட்டாசு ஆலையில் ஒரு தட்டு மணிமருந்து வீணாய்ப் போனது. வானவெடி வெடித்ததும் நட்சத்திரமாய்ச் சிதறுமே, அந்த உருண்டைகள். உருட்டியது என் வீட்டுக்காரர். வேண்டுமென்றே பெரிதாக உருட்டி, ஈரத்தோடு உச்சி வெயிலில் வைத்திருக்கிறார். மேல்தோல் மட்டும் காய்ந்து, சுருங்கி, மேடு மேடாக எழும்பியிருந்தது.

"இங்கன பாரு, மலை இப்படித்தான் வந்திருக்கும்," என்று மேற்கே தெரிந்த மலையைக் காட்டினார். "வானமே என்னைக்கோ வெடிச்ச வெடிதான். பத்துன மணியெல்லாம் நட்சத்திரம். நம்ம பூமி பத்தாத மணி."

"போர்மேன் பாத்தா வேலை போயிரும். என்னத்துக்கு இப்படிப் பண்ணுனீக?" என்று கத்தினேன். போர்மேன் வந்து கேட்டபோது, நான்தான் உருட்டினேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேனோ. திங்கட்கிழமையிலிருந்து நான் கூலி குறைந்த பெட்டி ஒட்டும் வேலைக்குப் போக வேண்டும்.

திரும்பும்போது வேனில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மலை மட்டும் ஜன்னலோடு கூடவே வந்தது. கடைசியில் கேட்டுவிட்டேன்.

"அப்ப பூமிக்கு உள்ள இன்னும் ஈரந்தானா?"

"ஈரம் இருக்கப் போய்த்தான பத்தாம கெடக்கு."

அவர் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. வாசல் மண்ணில் கைவைத்துப் பார்த்தேன். பகல் சூடு இன்னும் இறங்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன்.